அலைகரையும் அதற்கு மேலுள்ள காடும்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியிலிருந்து வவுனிக்குளத்துக்குச் செல்பவர், தை மாதத்துக் காலைப்பொழுதொன்றிற் குளக்கட்டின் மேல் ஏறி நின்று, ஒருபுறம் அலைகரையை ஒட்டி நிற்கும் மருதமரங்களையும் அவற்றுக்கப்பால் பாலையும் முதிரையும் செறிந்த காட்டையும், மறுபுறம் துருசு வழியே இறங்கி வாய்க்காலிற் போகும் நீரையும் ஒருங்கே நோக்குவாராயின், தீவொன்றின் நிலத்தை எவ்வாறு பரிபாலிப்பது என்னும் பெரிய விஷயத்தின் சாரத்தை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

65,610 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இலங்கை, சிறு தீவு நாடுகளின் வரிசையிற் சேர்வதில்லை. ஆயினும் தீவுக்குரிய நியதி அதற்கும் உண்டு. நதிகள் குறுகியவை, காட்டிலே செய்த தவறு வெகுவிரைவிற் கடலோரத்தை வந்தடைகிறது. பசுபிக் சமுத்திரத்திலுள்ள நவுரு, வெறும் 21 சதுர கிலோமீற்றர் நிலம். பொஸ்பேற்றுக்காக அதன் நடுநிலத்தை அகழ்ந்தெடுத்தபின், பயிருக்கும் குடியிருப்புக்கும் ஓரத்து ஒடுங்கிய நிலமே எஞ்சியது. கெட்ட நிலத்தை விட்டு வேறிடம் போகும் வசதி தீவாருக்கு இல்லை.

வவுனிக்குளம் அமைந்துள்ள வன்னியின் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். மேலே காடு, அதன்கீழ்ச் சிறுகுளம், வயல், அவ்வயலின் கழிவுநீரை ஏற்கும் அடுத்த குளம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அவர்கள் அமைத்த ஒழுங்கு உலர்வலயம் முழுவதற்கும் பொதுவானது. அதனை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017இல் உலக முக்கியத்துவமுடைய விவசாயப் பாரம்பரியமாக அங்கீகரித்தது. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தை, மகாவம்சம் கூறும் பேலிவாபி என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் இனங்கண்டார். நெடுங்காலம் காடுமூடிக் கிடந்த அக்குளம் 1950களிற் புனரமைக்கப்பட்டு, குடியேறிய குடும்பங்களுக்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

இங்கே நான் விசேஷமாகச் சொல்ல விரும்புவது சிறுபோகக் கூட்டத்தைப் பற்றி. மாரிமழை ஓய்ந்து காலபோக அறுவடையும் முடிந்தபின், கமக்காரரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் அரசாங்க அதிகாரிகளும் ஓரிடத்திற் கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, வெயில் எவ்வளவு குடிக்கும், மாட்டுக்கும் மீனுக்கும் எவ்வளவு விடவேண்டும் என்று கணக்கிட்டு, அதன்பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் துருசு திறப்பது, எத்தனை மாத நெல் இடுவது, கட்டாக்காலி மாடுகளை எப்போது அகற்றுவது என்பவற்றைத் தீர்மானிக்கிறார்கள். நீர் குறைந்த ஆண்டில், காணி உடையவர் யாவரும் தத்தம் பங்கைச் சுருக்கிக்கொள்கிறார்கள். சச்சரவு இல்லாமலில்லை, குரல் உயராத கூட்டம் அபூர்வம். எனினும் இருக்கும் நீரை அறிந்து ஆசையை அளவிடும் இந்த வழக்கத்துக்கு மேலான சூழல் நிர்வாகத்தை நான் எங்கும் கண்டதில்லை.

துர்ப்பாக்கியமாக, இந்த விவேகம் குளக்கட்டோடு நின்றுவிடுகிறது. பெருங்குளம் ஒரு திணைக்களத்துக்கு, சிறுகுளம் வேறொன்றுக்கு, காடு மற்றொன்றுக்கு, யானை இன்னொன்றுக்கு, ஆற்றுமணல் பிறிதொரு பணியகத்துக்கு என்று பூமி கூறுபட்டிருக்கிறது. மேற்குளம் தூர்ந்தால் யானை நீர் தேடிக் கீழ்வயலுக்கு இறங்குகிறது. அலைகரையை வெட்டி விதைத்தால் மண் கரைந்து குளத்தில் இறங்கி, அடுத்த ஆண்டு நீர்மட்ட அளவுகோல் காட்டும் அடியும் பொய்யாகிறது. இவற்றைத் தனித்தனிக் கோப்புகளில் வைத்துத் தீர்ப்பது எங்ஙனம்?

யுத்தத்தால் 2008இல் இடம்பெயர்ந்த மக்கள் பின்னர் மீண்டபோது, வயலிலும் வளவிலும் பற்றை மண்டிக் கிடந்தது. வன்னியிற் பல ஊர்களில், அப்பற்றையைக் காடெனக் கொண்டு எல்லைக்கல் நட்டமையால் எழுந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. காடு காக்கப்படவேண்டும், அதில் எனக்கு ஐயமேயில்லை, காடில்லையேல் குளமுமில்லை. ஆனால் தலைமுறையாக உழுத நிலத்தை இழந்த கமக்காரன், காட்டைத் தன் பகையாக எண்ணத் தொடங்கினால், எந்தக் காவலாளி அதைக் காக்க முடியும்?

எந்தக் குளத்துக்கு எந்தக் காடு நீரேந்து பிரதேசம் என்பதையும், அக்காட்டுக்குள் எவை பெர்மிட்டும் உறுதியும் உள்ள பழைய வயல்கள் என்பதையும் சிறுபோகக் கூட்டத்திலேயே, வனவளத் திணைக்களத்தாரும் கமக்காரரும் எதிரெதிரே அமர்ந்து வரைபடத்திற் குறித்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய உத்தியோகத்தர் யாவரும் முல்லைத்தீவு மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.