வார்த்தைப்பாட்டுக்குப் பின் ஒரு வாழ்க்கை

கோவையில் நிர்மலா மகளிர் கல்லூரியை அறியாதவர் குறைவு. 1948இல் அதைத் தொடங்கிய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை, இதே நகரில் 1853இல் ஜோசப் லூயி ரவேல் என்ற பிரெஞ்சுக் குருவால் நிறுவப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொங்குப் பெண்களைப் படிக்கவைத்த இத்தகைய அருட்சகோதரிகள், ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுத்தவர்கள். அவர்களில் ஒருவர் மடத்தைவிட்டு வந்தால் மணம் செய்துகொள்ளலாமா?

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை உலுக்கிய கேள்வி இது. துறவியரின் திருமணம் செல்லாது என்று 1139லேயே திருச்சபையின் லாத்தரன் பொதுச்சங்கம் தீர்மானித்திருந்தது. 1523 ஈஸ்டர் காலத்தில் ஜெர்மனியின் நிம்ப்ஷென் மடத்திலிருந்து கத்தரீனா ஃபான் போரா உள்ளிட்ட கன்னியர் இரவோடிரவாகத் தப்பினர். 1525 ஜூனில் கத்தரீனா, சீர்திருத்த இயக்கத்தின் தலைவரான மார்ட்டின் லூத்தரை மணந்தார். கத்தோலிக்கத் திருச்சபையோ 1563இல் திரெந்து சங்கத்தில் பழைய தடையையே உறுதிசெய்தது.

இங்கிலாந்தின் நிலை இன்னும் கொடுமை. மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடினார். கன்னியர் பலருக்கு ஓய்வூதியமும் தந்தார். ஆனால் 1539இல் வந்த சட்டம், கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர் மணம் செய்வதைப் பெருங்குற்றமாக்கியது. மடமும் இல்லை, மணமும் இல்லை என்ற அந்த நிலை 1549இல்தான் மாறியது.

இன்று? முதல் வார்த்தைப்பாடு குறிப்பிட்ட காலத்துக்கே; அது முடிந்ததும் தடையின்றி வெளியேறலாம். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர் விலக்குப் பெறாமல் மணந்தால், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி அது செல்லாது. இந்தியச் சட்டத்தின் கணக்கு வேறு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வயது, மனநலம், உறவுமுறை, முந்தைய மணம் ஆகியவற்றைப் பார்க்கிறது, வார்த்தைப்பாட்டைப் பார்ப்பதில்லை.

ஆக, கதவு திறந்திருக்கிறது. வெளியே வந்தபின் வாழ வழி? அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் அருட்சகோதரிகளின் சம்பளம் சபைக்கே போகிறது. ஏழ்மை வார்த்தைப்பாட்டைக் காட்டி வருமான வரிப் பிடித்தத்திலிருந்து கேட்ட விலக்கை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. சம்பளம் அந்தச் சகோதரியுடையது என்றுதான் வரிச்சட்டம் சொல்கிறது. ஆனால் சபையைவிட்டு விலகுபவர், தாம் செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம். நியாயத்தோடும் அன்போடும் நடத்துமாறு சபைக்கு அறிவுறுத்துவதோடு நின்றுவிடுகிறது.

அது போதாது. உழைத்த ஆண்டுகளுக்கு ஏற்ற தொகையை ஒவ்வொரு சபையும் எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்ய வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மடத்துக்குப் போன மகளைப் பெருமையோடு வழியனுப்பினீர்கள். அவள் திரும்பி வந்தால், மணந்தாலும் தனித்து வாழ்ந்தாலும், அதே பெருமையோடு வரவேற்றுச் சொத்தில் அவளுக்குரிய பங்கைக் கொடுங்கள்.