லீவு முடியாத வாப்பாமார்

எங்கள் ஊர்களில் யாருக்கும் வேலை போவதில்லை. "லீவில் வந்திருக்கிறார்" என்றுதான் சொல்வோம். மூன்று மாதம் போகும், ஆறு மாதம் போகும், லீவு மட்டும் முடியாது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ ஓர் உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. ஆகவே இந்த முடியாத லீவைக் காணாத மாணவிகளும் எமது வகுப்பறைகளில் குறைவாகத்தான் இருப்பார்கள். உழைப்பவரின் வேலை போனால் அவருடைய மனதில் என்ன நடக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

எனது வாப்பா கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராகப் பதினொரு வருடங்கள் இருந்தவர். 2020ஆம் ஆண்டு, கொவிட் காலத்தில், அந்தக் கம்பனி ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்தார். நான் அப்போது எட்டாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சொல்வதைப் போலவே நாங்களும் லீவு என்றே சொன்னோம். லீவில் வந்தவருக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைக்கு ஒரு விலையும் இருக்கிறது. அவரிடம் கைமாற்றுக் கேட்பார்கள். நன்கொடைப் பட்டியலில் அவருடைய பெயரை முன்னால் எழுதுவார்கள். கல்யாண வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு போக முடியாது. எங்கள் வீட்டில் உம்மாவின் ஒரு சோடிக் காப்பு முதலில் அடகுக்குப் போனது சாப்பாட்டுக்காக அல்ல, ஒரு கல்யாண அன்பளிப்புக்காக. வருமானம் நின்ற வீட்டில் முதலில் குறைய வேண்டிய செலவுகள் எவையோ, அவைதான் உண்மையை மறைக்கும் வீட்டில் கடைசி வரை குறையாமல் இருக்கின்றன.

இதைவிட ஆழமான ஒரு காரணத்தை நான் வேறோர் ஊரின் கதையில்தான் படித்தேன். ஒஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே, மரியந்தால் என்ற சிறிய கிராமம் இருக்கிறது. அந்த ஊரே ஒரு புடவை ஆலையை நம்பி இருந்தது. 1929-30 காலத்தில் ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய ஊர் முழுவதுமே வேலையை இழந்தது. மரி யஹோடா, போல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்கள் தம் குழுவினருடன் அங்கே போய் மக்களோடு பழகி, 1933இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். யஹோடா அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த ஓர் இளம் பெண் என்பதை எமது மாணவிகள் கவனிக்க வேண்டும்.

அவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறு. வேலை இல்லாதவர்களுக்கு நேரம் அதிகம், ஆகவே அதிகம் வாசிப்பார்கள், அதிகம் பேசுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. வீதியில் மனிதர்கள் நடக்கும் வேகத்தைக்கூட அவர்கள் அளந்து பார்த்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். பெண்களுக்கும் ஆலையில் சம்பளம் இல்லாமல் போயிருந்தது. ஆனால் சமையலும் சலவையும் பிள்ளைகளும் அவர்களுடைய நாளை நிரப்பிக்கொண்டே இருந்தன. பிற்காலத்தில் யஹோடா இதைத் தெளிவாக விளக்கினார். வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதர்களையும், பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கையும், ஊரில் ஓர் இடத்தையும் தருகிறது. வேலை போகும்போது இவையும் சேர்ந்தே போகின்றன.

இதைப் படித்தபோதுதான் எங்கள் வீடு எனக்கு விளங்கியது. வாப்பா சுபஹுக்கு எழும்புவார். அதன்பின் பகல் பத்து மணி வரை அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அசருக்குப் பிறகு கடற்கரைக்குப் போவதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். அங்கே எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எப்ப பயணம்?" உம்மாவுக்கோ கவலைப்படவும் நேரம் இருக்கவில்லை. ஒரே வீட்டில் இருவருக்கும் வெவ்வேறு கடிகாரங்கள் ஓடின. இதைச் சோம்பல் என்று நினைத்துச் சண்டை பிடிக்கும் குடும்பங்கள் நிறைய. அது சோம்பல் அல்ல.

மருதமுனைக்கும் மரியந்தாலின் கதை புதிதல்ல. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணிகள் குவிந்தபோது இலங்கையின் கைத்தறிக்கு விழுந்த அடியை நெசவாளர் குடும்பங்கள் இன்றும் சொல்வார்கள். பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கரையோரத்துத் தறிகளையும் கொண்டுபோனது. எனது உம்மம்மா ஒரு விடயத்தை அடிக்கடி சொல்வார். தறி போனபோது ஊருக்கே போனது, அதனால் யாரும் மறைக்கவில்லை, யாரும் வெட்கப்படவில்லை, ஒருவருக்கொருவர் நூல் கடன் கொடுத்து மீண்டும் தொடங்கினார்கள். தனியாக வேலையை இழப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் வாய் திறந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதல் வாரத்தில் பார்க்க வேண்டியது கடதாசிகள். கட்டாரின் தொழிற் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று வாரச் சம்பளம் சேவை முடிவுக் கொடுப்பனவாகக் கிடைக்க வேண்டும். அது அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். மேலதிக நேரமும் சாப்பாட்டுக் காசும் அதில் சேராது. பலர் அதிகமாக எதிர்பார்த்துக் கடன் வாங்குவது இது தெரியாததால்தான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 ஜனவரி முதல் அங்கே வேலை இழப்புக் காப்புறுதி கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்துக்கு மேற்படாதவர் மாதம் 5 திர்ஹம் கட்ட வேண்டும். தொடர்ந்து 12 மாதங்கள் கட்டியவர் தன் குற்றமின்றி வேலையை இழந்தால், மூன்று மாதங்கள் வரை அடிப்படைச் சம்பளத்தின் 60 வீதத்தை ஓர் உச்ச எல்லைக்குள் பெறலாம்.

இலங்கையில் அப்படியான உதவி இல்லை. இங்கே கம்பனியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை போனவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. ஊழியர் சேமலாப நிதி உடனே கைக்கு வராது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் ஆக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் பணத்தை வேலை முடிந்தால் எந்த வயதிலும் கேட்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உரியது. "நீங்களே விலகுவதாக எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கக் கூடாது. நீக்கப்பட்டவருக்கு உள்ள பாதுகாப்பு தானாக விலகியவருக்கு இல்லை. நியாயமின்றி நீக்கப்பட்டதாக நினைப்பவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் நம்மவர்கள் "லீவில்" கழித்துவிடுகிறார்கள்.

அடுத்தது கடன். யாருக்கு எவ்வளவு, எந்தத் திகதிக்கு என்று ஒரே தாளில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுதியது நான்தான், எனது கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில். வட்டி ஓடும் அடகு நகை மேலே, உறவினர் கைமாற்றுக் கீழே. சீட்டுப் பிடிப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் எடுக்கும் முறையை மாற்றித் தருவார். மாதத் தவணை தவறிய பிறகு சொன்னால் தரமாட்டார். எட்டாம் மாதத்தில் வாப்பா இரண்டு சாச்சாமாரையும் கூப்பிட்டு, "வேலை இல்லாமப் போச்சு, திரும்பப் போறதும் இல்ல" என்று சொன்னார். வீட்டில் கேட்ட கைமாற்றுக் கதைகள் அன்றோடு நின்றன. பெரிய சாச்சா தான் தர வேண்டியிருந்த ஒரு பழைய கடனைத் தவணையாகத் தரத் தொடங்கினார். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் ஒரு பிரிவினர். அதைப் பிச்சை போல நினைத்து ஒளிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்பது எனது கருத்து.

வெளிநாட்டில் கற்ற தொழிலுக்கு இங்கே சான்றிதழ் இல்லை என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் செய்த வேலையை வைத்தே, புதிய பாடநெறி படிக்காமல், மதிப்பீட்டுக்குத் தோற்றித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. நைட்டா என்று நாம் அழைக்கும் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். மின்னிணைப்பாளர், மேசன், வெல்டிங் செய்பவர், சமையற்காரர் எனப் பலருக்கு இது பொருந்தும்.

வாப்பா இப்போது ஒரு வன்பொருட் கடையில் கணக்குப் பார்க்கிறார். கட்டாரில் எடுத்ததோடு ஒப்பிட்டால் சம்பளம் சிறியது. ஆனால் காலை எட்டு மணிக்கு அவருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. அந்த வேலை கிடைக்கும் முன்பே, தம்பியைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதையும் சந்தைக்குப் போவதையும் உம்மா அவரிடம் ஒப்படைத்திருந்தார். உம்மாவின் சுமை குறைந்தது ஒரு நன்மை. வாப்பாவின் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது இன்னொன்று.

பிள்ளைகளாகிய நாம் கேட்கக் கூடாத கேள்வி "எப்ப பயணம்?" என்பதுதான். அதற்குப் பதிலாக "இண்டைக்கு என்ன செய்வோம், வாப்பா?" என்று கேட்கலாம். தூக்கம் வாரக்கணக்கில் இல்லாமல் போனால், சாப்பாட்டை வெறுத்தால், "நான் இருந்து என்ன பயன்" போன்ற பேச்சு வந்தால், அதை வெறும் கவலை என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.