அறிகுறிக்கு முந்திய நாள்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள தாதிமை இல்லம் ஒன்றில் கொவிட்-19 கிருமித்தொற்று தலைகாட்டியது. அங்கு வாழ்ந்த மூத்தோர் 89 பேர். காய்ச்சலும் இருமலும் உடையோரை மட்டும் சோதிப்பதே அதுவரை இருந்த வழக்கம். ஆய்வாளர்கள் அவ்வழக்கத்தை விட்டு, நலமாகத் தோன்றியோர் உட்பட 76 பேரிடம் மாதிரி எடுத்தனர்; ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மறுபடியும் சோதித்தனர். 48 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் 27 பேரிடம் சோதனை நாளன்று எந்த அறிகுறியும் இல்லை. அந்த 27 பேரில் 24 பேர் அடுத்த சில நாள்களில் நோயுற்றனர். அறிகுறி தோன்றுமுன் எடுக்கப்பட்ட மாதிரிகள் பலவற்றில் பரவும் ஆற்றலுள்ள கிருமி இருந்ததை ஆய்வகம் காட்டிற்று. அவ்வில்லத்தில் தொற்று கண்ட 57 பேருள் 15 பேர் ஏப்ரல் தொடக்கத்திற்குள் இறந்தனர்.

அறிகுறி என்னும் சொல்லுக்கு அறிவதற்குரிய குறி என்பது பொருள். முதுமையில் அக்குறியே மங்கிவிடுகிறது. நோயெதிர்ப்பாற்றல் தளர்ந்த உடலில் காய்ச்சல் எழாமலே போகலாம். உணவை வெறுத்தல், திடீர்க் குழப்பம், நடக்கையில் விழுதல் ஆகியவையே முதல் அடையாளமாக இருத்தல் கூடும். மறதிநோய் உள்ளவர் தமக்குத் தொண்டை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்?

ஆகவே, ஒருவருக்குத் தொற்று உறுதியானவுடன் அனைவரையும் சோதிக்க வேண்டியதாகிறது. பணியாளர்களும் இதில் அடங்குவர். அறைக்கு அறை சென்று நீராட்டுவதும் உணவூட்டுவதும் அவர்கள் கைகளே. சிங்கப்பூரும் 2020இல் தாதிமை இல்லங்களின் பணியாளர்களையும் அங்கு வாழ்வோரையும் பெருந்திரளாகச் சோதித்தது. ஒருமுறை சோதித்தல் போதாது. இன்று தொற்றியவரின் உடலில் கிருமி கண்டறியத்தக்க அளவுக்குப் பெருகச் சில நாள்கள் ஆகும். பிசிஆர் சோதனை சிறிதளவு கிருமியையும் காட்டும், ஆனால் ஆய்வகம் முடிவு சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஏஆர்டி சோதனை சில நிமிடங்களில் விடை தரும். கிருமி குறைவாயின் தவறவிடும். விரைவு வேண்டிய இடத்தில், அடிக்கடி செய்யப்படும் ஏஆர்டியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

தமிழாசிரியர்களிடம் ஒன்று கூற விரும்புகிறோம். சோதனை முடிவைக் குடும்பத்தாருக்குத் தமிழில் அறிவிக்கையில் 'தொற்று இல்லை' என்றே பலரும் எழுதிவிடுகிறோம். சோதனை சொன்னது அதுவன்று. 'இன்று எடுத்த மாதிரியில் கிருமி காணப்படவில்லை' என்பதே அது சொன்னது. முதல் தொடரைப் படித்த மகன், மறுநாள் முகக்கவசமின்றித் தாயின் கட்டிலருகே அமரக்கூடும். இரண்டாவதைப் படித்தவர், அடுத்த சோதனை எப்போது என்று கேட்பார்.