இரண்டாவது காயம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் உலைகளும், உருக்கிய இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ரோலிங் மில்களும் நெருங்கி நிற்கும் தெருக்களில், ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களின் நடையைச் சற்றுநேரம் கவனிப்பவருக்கு, எந்த விபத்துப் பதிவேட்டிலும் காணக் கிடைக்காத ஒரு சரித்திரம் பிரத்தியட்சமாகத் தெரியும். ஒருவர் இடதுகாலை இழுத்து நடப்பார். இன்னொருவர் விரல் குறைந்த கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை மற்றக் கையில் பிடித்திருப்பார். இவர்களுக்கு விபத்து என்றைக்கோ நடந்து முடிந்துவிட்டது. சரீரத்துக்கு அது முடியவில்லை.

கணுக்கால் முறிந்து, கோணலாகக் கூடிவிட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஊன்ற முடியாத காலின் பாரத்தையெல்லாம் மற்றக் கால் சுமக்கிறது. சில வருஷங்களில் அந்த முழங்கால் தேய்கிறது, இடுப்பு வலிக்கிறது. ஒருநாள் இரவு, பத்துப் பேர் கூடியிருக்கும் லைன் வீட்டின் ஈரப் படிக்கட்டில் பழைய கால் மடங்கி, அவர் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொள்கிறார். மருத்துவமனையில் கேட்கும் முதற் கேள்வி, இது கம்பெனியில் நடந்ததா என்பது. இல்லை என்று அவர் உள்ளதைச் சொல்கிறார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய வழக்கு பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடுகிறது.

வேலையால் வந்த ஊனமா, வீட்டில் வந்த நோயா என்ற வித்தியாசம் சோற்றைப் பற்றியது. 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் ஏற்பாட்டில், சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான்; வேலைக் காயம் என்று ஏற்கப்பட்டால், ஊனம் நீடிக்கும் மட்டும் 90 சதவீதம். நிரந்தர ஊனமானால், சம்பாதிக்கும் சக்தி குறைந்த அளவுக்கு ஆயுள் முழுதும் உதவித்தொகை என்று இருந்தது.

இந்தக் காரண காரியத் தொடர்பை உலகத்து நீதிமன்றங்கள் ஆராயாமல் விட்டதில்லை. 1969-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, ஸ்காத்லாந்துத் தொழிலாளி ஒருவரின் நஷ்டஈட்டு வழக்கை விசாரித்தது. முதலாளியின் கவனக்குறைவால் காயம்பட்டு, திடீர் திடீரென்று மரத்து மடங்கும் காலோடு, கைப்பிடியில்லாத செங்குத்தான படிக்கட்டில் துணையின் உதவியை நாடாமல் இறங்கிய அவர், கால் கைவிட்ட கணத்தில் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார். அவர் நடந்துகொண்ட விதம் நியாயமான ஜாக்கிரதைக்கு உட்பட்டதல்ல என்று தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, காயம்பட்டவர் கவனமாக நடந்தும் ஊனமுற்ற அவயவம் கைவிட்டதால் விழுந்தால், இரண்டாவது காயம் முதற் காயத்தின் விளைவே என்ற தத்துவமும் சொல்லப்பட்டிருக்கிறது. கவனக்குறைவு வழக்குகளுக்காகச் சொன்ன விதிதான். எனினும் லைன் வீட்டின் ஒரே படிக்கட்டில் இறங்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லாத மனிதருக்கு அதில் கிடைக்கும் நியாயம் மிகப் பெரிது என்றே நான் கருதுகிறேன்.

நம்முடைய 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டமோ விபத்து நடந்த தேதியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்ட சட்டம். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டிவிரல் முழுதும் போனால் 14 என்று அதன் அட்டவணை கணக்கிட்டது. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் மன்னிக்கலாம் என்று இருந்தது. அரைமாதத் தொகையாகக் கொடுக்கப்படும் நஷ்டஈட்டை மட்டும், உடல்நிலை மாறியதற்கான டாக்டர் சர்டிபிகேட்டோடு மறுபரிசீலனைக்குக் கொண்டுவர 6-ஆம் பிரிவு இடம் தந்தது. மொத்தமாக வாங்கிக்கொண்டவருக்கு அந்த வழி இருக்கவில்லை. இருந்தாலும், சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்கையில் விழுந்து இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது, ஆகையால் அவருடைய இழப்பு முழு இழப்பே என்று 1975-இல் உச்சநீதிமன்றம் கூறியது, அட்டவணையின் எண்ணுக்கு அப்பால் ஜீவனத்தைப் பார்த்த தீர்ப்பு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்கள் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கேட்க முடியாதிருந்தது. அவர்களுக்கென்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 55-ஆம் பிரிவில், தொழிற்சாலை வாசலில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு கதவு இருந்தது. ஊனத்தை மருத்துவ வாரியம் மதிப்பிட்ட பிறகு, அந்தக் காயத்தின் பலன்கள் கணிசமாகவும் எதிர்பாராத விதமாகவும் மோசமாகியிருந்தால், மதிப்பீட்டைத் திரும்பப் பரிசீலிக்கலாம் என்பது அதன் சாரம். தற்காலிக மதிப்பீடானால் ஆறு மாதம், இறுதி மதிப்பீடானால் ஐந்து வருஷம் கழிந்த பின்னரே, மேல்முறையீட்டு மன்றத்தின் அனுமதியின்றி மனுச் செய்ய முடிந்தது. ஐந்து வருஷம்! ஒப்பந்தக்காரர் மாறி, ஊர் மாறி, ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிவிட்ட ஒருவர், பழைய எக்ஸ்ரேயை அத்தனை காலம் பெட்டியில் பத்திரப்படுத்தியிருப்பார் என்று எந்த நம்பிக்கையில் எதிர்பார்ப்பது?

ஆகவே இரண்டாவது காயத்தின் சாட்சியம் முதற் காயத்தன்றே தயாராகவேண்டும். கம்பெனி அனுப்பும் விபத்து அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கவேண்டும். பிரஸ் மிஷினில் கை போனவர், "கீழே விழுந்தேன்" என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்ததை டாக்டரிடம் ஒப்பிக்கக்கூடாது. அந்த வாசகம் சீட்டில் ஏறிவிட்டால் பிறகு அழிப்பது மகா கஷ்டம். இன்ஷூரன்ஸ் எண் ஆயுளுக்கும் ஒன்றே. புதிய ஒப்பந்தக்காரரிடம் புது எண் எடுத்துக்கொண்டால் பழைய விபத்தோடு இருந்த சம்பந்தம் அறுந்துபோகும். பிற்பாடு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இன்ன வருஷம் இன்ன மில்லில் முறிந்த காலே மடங்கிற்று என்று சொல்லி, அதை அப்படியே எழுதவைக்கவேண்டும். தமிழறியாத தொழிலாளிக்கு இதை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லக்கூடிய ஒருவரை மருத்துவமனையில் அமர்த்துவது அரசாங்கத்துக்குப் பெரிய செலவாகாது.

2025 நவம்பர் 21 முதல் இவ்விரு சட்டங்களின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் நேர்ந்த விபத்துகளில் பிறந்த உரிமைகள் பழைய சட்டங்களையே சார்ந்து நிற்பவை. அந்தக் காயங்கள் இன்னும் பல வருஷம் தங்கள் விளைவுகளைக் காட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பற்றிய மனுக்களை வாங்கும் அதிகாரிகள், பழைய விபத்து என்பதற்காகவே அவற்றைத் திருப்பி அனுப்பாமல் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.