சம்பளத்தில் நூறு ரூபாய்... நோயாளிக்குப் பெரிய துணை!

கடலூர் சிப்காட் ஆலையிலோ சிதம்பரம் வங்கியிலோ வேலை பார்க்கும் 50 பேர், சம்பளத்தில் மாதம் தலா 100 ரூபாய் பிடிக்கச் சொன்னால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். புற்றுநோய் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும் என்பதால், தவறாமல் வரும் சிறு தொகைதான் மருத்துவமனைக்குக் கைகொடுக்கும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அது வளர நன்கொடைகள் பெரிதும் உதவின.

நீங்களும் தர நினைக்கிறீர்களா? சம்மதத்தை எழுத்தில் கொடுங்கள். வேண்டும்போது நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள். ஒன்று கவனம்: பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இதற்கு வரிச்சலுகை, புதிய முறையில் கிடையாது.