படுக்கையறையில் பூசண வாடையா? சாயம் வாங்கும் முன் நீர் வரும் வழியைத் தேடுங்கள்

கிளமெண்டியின் வீவக வீடுகளில் பல, 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இவ்வீடுகளின் படுக்கையறைகளில் சில தொல்லைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அலமாரியைத் திறந்தால் பூசண வாடை. பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்புத் திட்டு. நள்ளிரவில் குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர். உட்கூரையில் மஞ்சள் கறை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறோம். வாடைக்குச் சாம்பிராணி, புடவைக்குப் பாச்சை உருண்டை, கறைக்குப் புதுச் சாயம். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கும். காரணம், இவை அனைத்துக்கும் மூலம் ஒன்றுதான்: ஈரம்.

அந்த ஈரம் பெரும்பாலும் நான்கு வழிகளில் அறைக்குள் வருகிறது. காற்றிலிருந்து, குளிரூட்டியிலிருந்து, வெளிச்சுவர் வழியாக, மேல்வீட்டிலிருந்து. எந்த வழி என்று தெரியாமல் செலவழிக்கும் பணம் வீண். வழி மாறினால், பழுதுபார்ப்புச் செலவை ஏற்க வேண்டியவரும் மாறுவார்.

காற்றில் இருக்கும் நீர்

சிங்கப்பூரில் அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். பூசணம் வளராமல் இருக்க அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. அதாவது, சன்னலைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் நம் வீடுகள் பெரும்பாலான நேரம் பூசணத்துக்கு ஏற்ற நிலையிலேயே இருக்கின்றன.

நம் ஊர்க் காற்று, ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டால் நீர்த்துளியாக மாறிவிடும். குளிர்பானக் குவளையின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதனால்தான். இரவு முழுவதும் 19 டிகிரியில் குளிரூட்டியை ஓடவிட்டு, காலையில் சன்னலைத் திறந்தால், குளிர்ந்த சுவரும் மெத்தையும் அதே குவளையைப்போல வியர்க்கும். சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறத்தில் காற்றோட்டம் இல்லாததால் அந்த ஈரம் காய்வதில்லை. கறுப்புத் திட்டு முதலில் அங்கே தோன்றுவது இதனால்தான். பக்கத்து அறையில் குளிரூட்டி கடுமையாக ஓடினால், பொதுச்சுவரின் உங்கள் பக்கத்திலும் இப்படி நேரலாம்.

தீர்வு எளிது. வெப்பநிலையை 25 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழலவிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் துணியைப் படுக்கையறைக்குள் உலர்த்தாதீர்கள். துணியில் இருக்கும் நீர் முழுவதும் அந்த அறையின் காற்றில்தான் கலக்கும். வேறு வழியில்லை என்றால் மின்விசிறியை வைத்து, கதவையும் சன்னலையும் திறந்துவிடுங்கள்.

அலமாரிக்குள் வைக்க, ஈரத்தை உறிஞ்சும் சிறு பெட்டிகள் பேரங்காடிகளில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு இருக்கும். மூடிய அலமாரிக்கு அவை உதவும். ஒரு முழு அறைக்குப் போதாது. அவற்றில் சேரும் நீர் தோலையும் துணியையும் பாதிக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும்; ஈரத்தைக் குறைக்காது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இங்கு பிறக்கும் குழந்தைகளிடம் ஜி6பிடி குறைபாடு உள்ளதா என்று சோதிக்கப்படுகிறது. அக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும்.

சுவரைச் சோதிக்க ஒரு துண்டு அலுமினியத் தாள்

ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கறை உள்ள இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி, நான்கு ஓரங்களிலும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உட்பக்கம் ஈரமாக இருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அதோடு, இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வாருங்கள். மழை பெய்த மறுநாள் கறை பெரிதானால் வெளிச்சுவரையோ சன்னல் ஓரத்தையோ சந்தேகிக்கலாம். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் உட்கூரை நனைந்துகொண்டே இருந்தால், மேல்வீட்டுக் குளியலறைப் பக்கம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் தேதியுடன் படம் எடுத்து வைத்தால் பின்னர் பேச்சுக்கு ஆதாரமாக இருக்கும்.

குளிரூட்டி சொட்டினால்

குளிரூட்டி அறைக் காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். அந்த நீர் உள்ளிருக்கும் தட்டில் சேர்ந்து குழாய் வழியே வெளியேற வேண்டும். தூசியும் பாசியும் குழாயை அடைத்தால் நீர் கட்டில்மேல் சொட்டும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம். அடிக்கடி பயன்படுத்தும் குளிரூட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பது இங்கு வழக்கம். பழுதுபார்ப்பவர் வரும்வரை வாளி வைத்து நீர் பிடித்தால், அதைத் தினமும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரே வாரத்தில் பெருகிவிடும்.

உட்கூரைக் கறை: யார் பொறுப்பு?

அண்டைவீட்டாருடன் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் இங்குதான். மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கு அடியில் நீர்புகாப் படலம் ஒன்று இருக்கும். ஆண்டுகள் ஆக ஆக அது தேய்ந்துவிடும். அப்போது நீர் கான்கிரீட் தளத்தில் ஊறி, கீழ்வீட்டு உட்கூரையிலும் ஒட்டியுள்ள படுக்கையறைச் சுவரிலும் தெரியும். மேல்வீட்டார் எந்தத் தவறும் செய்யாமலேயே இது நடக்கலாம். அவர்கள் வீட்டில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், "எங்கள் வீட்டில் கசிவே இல்லையே" என்று அவர்கள் சொன்னால் அது பொய்யாகவும் இருக்காது.

வீவக விதிமுறைப்படி, இரு வீடுகளுக்கும் இடையிலான தளத்தில் ஏற்படும் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் கூட்டுப் பொறுப்பு. தகுதிபெறும் வீடுகளுக்கு வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் கைகொடுக்கிறது. செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வர். எடுத்துக்காட்டாக, செலவு 2,000 வெள்ளி என்றால் வீவக 1,000 வெள்ளியும், ஒவ்வொரு வீட்டாரும் 500 வெள்ளியும் செலுத்துவர். இந்த விவரம் தெரிந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

ஆகவே முதலில் மேல்மாடி அங்கிளையோ ஆன்ட்டியையோ பார்த்து, படத்தைக் காட்டி, "இரண்டு பேரும் சேர்ந்து வீவகவைக் கூப்பிடுவோமா?" என்று கேளுங்கள். பேச்சு முறிந்தால் சமூக சமரச நிலையத்தை நாடலாம். சுவரின் வெளிப்பக்கத்தில் பழுது இருப்பதாகத் தோன்றினால் நகர மன்றத்திடம் தெரிவியுங்கள். அறையை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள், படத்துடன் வீட்டு உரிமையாளருக்கு எழுத்து வடிவில் உடனே தெரிவித்துவிடுவது நல்லது.

வட்டாரத்தில் புதிய வீவக வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கு வேறு பாதுகாப்பு உண்டு. கழிவறை, சமையலறை உட்கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர் கசிவுக்கும் ஐந்து ஆண்டு, கான்கிரீட் பெயர்வதற்குப் பத்து ஆண்டு உத்தரவாதத்தை வீவக தருகிறது.

மறைக்கக் கூடாத கறை

பழைய வீடுகளில் உட்கூரைச் சாயம் உப்பி, விரிசல் விட்டு, கான்கிரீட் துண்டுகள் பெயர்ந்து விழுவதுண்டு. ஈரமும் காற்றும் உள்ளே புகுந்து இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. அழகுக்காகப் பொய்க்கூரை அமைத்து இதை மறைத்தால் துரு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கட்டிலுக்கு மேலே அப்படி உப்பல் தெரிந்தால் முதல் வேலையாகக் கட்டிலை நகர்த்துங்கள். பிறகு வீவகவை அழையுங்கள்.

பிள்ளைகளின் மூச்சு

ஈரமான அறைகளில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் அதிகம் ஏற்படுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளும் ஈரத்தில்தான் பெருகும். படுக்கை விரிப்பையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை மடியும். காலையில் எழுந்ததும் பிள்ளை தொடர்ந்து தும்மினால், மருத்துவரிடம் அறையின் நிலையையும் சொல்லுங்கள்.

சுவரில் இருக்கும் பூசணத்தை, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரால் துடைத்து முழுவதுமாகக் காயவிடுங்கள். பிளீச்சுடன் வினிகரையோ கழிவறைத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வெளியாகும். பட்டுப்புடவையை நிழலில் காற்றாட விரித்து, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

நீர் வரும் வழி அடைபட்டு, சுவர் முழுவதும் காய்ந்த பிறகுதான் சாயம் பூச வேண்டும். ஈரச் சுவரில் பூசும் சாயம் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும், அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது.