பயம் போன பிறகு வந்த சாவுகள்

பன்றிக்காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 ஃப்ளூ இந்தியாவில் முதலில் உறுதியானது 2009 மே 16 அன்று. அமெரிக்காவிலிருந்து ஹைதராபாத் வந்த ஒரு பயணிக்கு அது இருந்தது. ஆகஸ்ட் 3 அன்று புணேயில் 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். அடுத்த வாரமே சென்னையில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். நாடு நடுங்கியது. புணேயில் பள்ளிகளை மூடினார்கள்; கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோனது. சாதாரணச் சளி பிடித்தவர்களும் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனை வாசலில் மணிக்கணக்கில் நெருக்கியடித்து நின்றார்கள். நோய் இல்லாதவருக்கும் அந்த வரிசையில் நோய் தொற்றியிருக்கும்.

அந்த ஆண்டு உறுதியான நோயாளிகள் 27,236 பேர், இறந்தவர்கள் 981. 2010இல் நோயாளிகள் 20,604 ஆகக் குறைந்தார்கள், இறந்தவர்களோ 1,763 ஆகக் கூடினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்தது. அதே கிருமி 2015இல் 2,990 பேரைக் கொன்றது. 2017இல் 2,270 பேரை. கடுமையாக நோயுற்றவர்களுக்கு மட்டுமே பரிசோதனை என்று விதி மாறிவிட்டதால் நோயாளி எண்ணிக்கைகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் சாவுக் கணக்கு பேசுகிறது. நாம் அஞ்சி நடுங்கிய ஆண்டைவிட மும்மடங்கு பேர் 2015இல் இறந்தார்கள். 2009ஐ நினைவில் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு 2015 நினைவிருக்கிறது?

புதுக்காய்ச்சல் என்றதும் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது வாசலை அடைப்பது. 2009இல் விமான நிலையங்களில் வெப்பமானிக் கருவிகளை நிறுவினார்கள். எகிப்து இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய நோய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வாசலை அடைக்கும் வழக்கம் எங்கள் ராமநாதபுரம் கரைக்குப் பழையது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திச் சோதிக்க மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமின் பெயர் இன்றும் மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்தில் இருக்கிறது. பெரியம்மைக்கு அத்தகைய முகாம் உதவியிருக்கும். அது ஆளைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும் நோய். ஃப்ளூ அப்படியல்ல, உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய காய்ச்சல் ரயில் பாதைகளோடு நாடு முழுக்கப் போய், குறைந்தது 1.2 கோடி பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். 1921 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை 1911ஐவிடக் குறைந்திருந்தது. வேறெந்தக் கணக்கெடுப்பிலும் அப்படி நடந்ததில்லை.

வாசலில் தடுக்க முடியாத நோயை வீட்டில்தான் பிடிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் திருப்புல்லாணிப் பகுதியை இங்கே தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஃப்ளூ அதிகம் பரவுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். அது ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போது தை அமாவாசை வருகிறது. சேதுக்கரையில் முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுக்கவும், ஆதிஜெகந்நாதப் பெருமாளைச் சேவிக்கவும் பல மாவட்டத்துக்காரர்கள் வேன்களிலும் பேருந்துகளிலும் நெருங்கி உட்கார்ந்து வருகிறார்கள். தர்ப்பணம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தகப்பனை இழந்தவர்கள். ஆகவே நடுவயதைக் கடந்தவர்களே மிகுதி. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள வயது அது. ஃப்ளூ முற்றினால் உயிரைப் பறிக்கும் ஆபத்தும் இவர்களுக்கு அதிகம்.

ஓசல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். 2009இல் இதை அரசு மட்டுமே கொடுத்தது. பிறகும் வெகு சில கடைகளில்தான் கிடைத்தது. 2017இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, மருத்துவர் சீட்டு இருந்தால் மற்ற மருந்துக் கடைகளிலும் வாங்கலாம் என்று ஆக்கினார்கள். நல்ல முடிவு, எட்டு ஆண்டு தாமதமாக வந்தது.

மருந்து கிடைத்தாலும் அந்த 48 மணி நேரத்தை நாமே செலவழித்துவிடுகிறோம். முதல் நாள் கஷாயம். இரண்டாம் நாள் மெடிக்கலில் சொல்லி வாங்கும் நாலு மாத்திரை. அதில் ஒன்று ஆன்டிபயாடிக். கிருமிகளில் இது வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது; 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதை எடுத்துச் சொல்லி மருத்துவர்களை எச்சரித்தது. மூன்றாம் நாள், சீக்கிரம் சரியாகட்டும் என்று ஓர் ஊசி. அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் இறங்கியதுபோலத் தோன்றும், நுரையீரலில் நோய் வளரும். நான்காம் நாள் மூச்சு வாங்கும்போது 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்படும் வரை, மோசமானவர்களை நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது தூரம் குறைந்திருக்கிறது. வீணான மூன்று நாளை எந்தக் கல்லூரியும் திருப்பித் தராது.

2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது தமிழ்நாடு அரசு மார்ச் 10 அன்று ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. புதுச்சேரி எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளைச் சுமார் பத்து நாள் மூடியது. முகாம் மக்களைத் தேடிப் போகிறது, அதனால் அதை வரவேற்கிறேன். ஆனால் செய்தித்தாள்களிலிருந்து எச்3என்2 மறைந்ததும் பேச்சும் மறைந்தது. ஃப்ளூ தடுப்பூசி இன்னும் தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள இந்தக் கரையின் மீனவக் குடும்பத்துக்கோ மானாவாரி விவசாயிக்கோ முடியுமா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பணியாளர்களிடம், யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அக்டோபருக்கு முன் அரசு இந்த ஊசியை இலவசமாகப் போட வேண்டும்.

வாசிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் அறுபது கடந்தவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை, இவர்களில் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் இருமலும் வந்தால் முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். யாருக்காக இருந்தாலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், நகம் நீலம்பாரித்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.